ஒரு நொடிக்கு ஒரு முழம்

தம்பி, இன்றைக்கு ஷிப்டுக்குப் போனதும் ரப்பர் காம்பவுண்டைத் தொடாதே. மிக்ஸிங் மில்லை வெறுமனே ஓடவிட்டு, தலைக்கு மேலே குறுக்கே போகிற கயிற்றை ஒரு தடவை இழு. ரோல் நிற்கிறதா பார். இழுத்த பிறகு எவ்வளவு தூரம் சுற்றி நிற்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பார். நேற்றுக் கால் சுற்றில் நின்ற ரோல் இன்று அரைச் சுற்று ஓடினால் பிரேக் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் மில்லை ஓட்டாதே. யார் சொன்னாலும் ஓட்டாதே.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பாய். இருபத்தாறு வருஷம் வி-பெல்ட் கம்பெனியில் ஆபரேட்டராக இருந்தவன் நான். மில், காலண்டர், பெல்ட் பில்டிங், கியூரிங் என்று நான்கு இடத்திலும் நின்றிருக்கிறேன். வீடு ஸ்ரீரங்கத்தில். விடியற்காலையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்துப் போவேன். இன்றும் அந்த நேரத்தில் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் பையன்களைப் பார்க்கிறேன். முழங்கையில் கரி இருந்தால் ரப்பர் கம்பெனி என்று எனக்குத் தெரிந்துவிடும். அவர்களை எழுப்பிச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

மில் என்பது என்ன? இரண்டு இரும்பு உருளைகள், ஒன்றை ஒன்று பார்த்து உள்பக்கமாகச் சுற்றுகின்றன. ஒன்று கொஞ்சம் வேகமாகவும் ஒன்று கொஞ்சம் மெதுவாகவும் சுற்றும். அந்த வேக வித்தியாசத்தில்தான் ரப்பரும் கரியும் கந்தகமும் அரைபட்டுச் சேர்கின்றன. நடுத்தரமான மில்லில் ரோலின் மேற்பரப்பு நிமிஷத்துக்கு 25 மீட்டர் வாக்கில் ஓடும். கேட்பதற்கு அது வேகமே இல்லை. மனிதன் மெதுவாக நடப்பதைவிடக் குறைவு. அதனால்தான் அதன் மேல் பயம் வருவதில்லை. கணக்குப் போட்டுப் பார். நொடிக்கு 42 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு முழம். முழம் என்றால் என்ன என்று பூக்காரம்மாவுக்குத் தெரியும்: முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை. விரல் நுனி மாட்டினால் முழங்கை போய்ச் சேர ஒரு நொடி. மாட்டிவிட்டது என்று மனசுக்குப் புரியவே அதில் பாதி போய்விடும். மிச்சமிருக்கும் அரை நொடியில் உன்னைக் காப்பாற்றப்போவது அந்தக் கயிறு மட்டும்தான்.

அந்தக் கயிற்றைத்தான் நான் கட்டினேன்.

எங்கள் மில்லில் கயிறு தொய்ந்திருந்தது. கத்தியால் ஷீட்டை வெட்டி மடிக்கும்போது தலைப்பாகை பட்டாலும் டிரிப் ஆகும். ரோலுக்கு நடுவில் காம்பவுண்ட் இருக்கும்போது மில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது லேசில்லை. மோட்டார் திணறும், காம்பவுண்ட் சூட்டில் கெட்டுப்போகும், அந்த பேட்ச் ரிஜெக்ட். ஒரு வாரத்தில் நான்கு பேட்ச் போனது. சூப்பர்வைசர் “ஏதாவது பண்ணுப்பா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் ஸ்டூல் போட்டு ஏறி, கயிறு இழுக்கிற லிமிட் ஸ்விட்சின் கையைக் கட்டுக்கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டு இறங்கினேன். டிரிப் ஆவது நின்றது. இன்சென்டிவ் வந்தது. மூன்று மாசம் அதன் கீழேயே நின்று வேலை பார்த்தோம்.

ஒரு ஃபுல் நைட் ஷிப்ட், மணி நாலுக்குப் பக்கம். என் ஜோடி என்னைவிட எட்டு வயசு மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கையுறை ரப்பரோடு ஒட்டிக்கொண்டது. அவர் இடது கையால் கயிற்றை எட்டிப் பிடித்து இழுத்தார். சரியாகத்தான் செய்தார். கயிறு வந்தது, மில் நிற்கவில்லை. நான் பேனலுக்கு ஓடினேன். பத்து எட்டு தூரம். அவர் உயிர் பிழைத்தார், வலது கை மணிக்கட்டோடு போனது. விசாரணையில் “கவனக்குறைவு” என்று எழுதினார்கள். அவர் ஒரு வார்த்தைகூட என்னைச் சொல்லவில்லை. அதற்குள் கம்பியை யாரோ அவிழ்த்திருந்தார்கள். யார் அவிழ்த்தது என்று நானும் கேட்கவில்லை.

இதை அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாத குற்றம் கட்டிய குற்றத்தைவிடப் பெரியது என்று இப்போது நினைக்கிறேன். கட்டியது ஒரு தடவை. சொல்லாமல் இருந்தது ஒவ்வொரு நாளும்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு விருப்பன் திருநாள் தேரோட்டம் தெரியும். சித்திரை வீதியில் தேர் வரும்போது வடம் பிடிக்கிறவர்களைத்தான் ஊர் பார்க்கும். சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு குனிந்து நடக்கிறவரை யாரும் பார்ப்பதில்லை. தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்தான். எத்தனை ஊர்த் தேர்களில் எத்தனை பேர் சக்கரத்தடியில் போயிருக்கிறார்கள்! திருவாரூர் ஆழித்தேருக்கு நம்ம திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தில்தான் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து பொருத்தினார்கள். அனல் மின் நிலையத்துக்கு பாய்லர் செய்கிற கைகள் சாமி தேருக்கு பிரேக் செய்து கொடுத்தன. தேருக்கே நிறுத்தும் வழி வேண்டும் என்று நினைத்த ஊர் இது. அந்த ஊர்க்காரன் ஒருவன், மெஷினோடு வந்த பிரேக்கைக் கம்பியால் கட்டினான். எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

கையுறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொளதொள கையுறையோடு மில்லில் நிற்காதே. கை சுடுகிறது என்றால் இறுக்கமானதைக் கேட்டு வாங்கு. வெட்டுவதும் மடிப்பதும் ரோலின் கீழ்ப்பாதியில்தான். மேலே, வாய்ப்பக்கம், கை போகவே கூடாது. துணுக்கு உள்ளே விழுந்தால் விழட்டும். துணுக்கு கிலோ கணக்கில் கிடைக்கும்.

அடுத்து, மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிறு. சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டு கட்டிய மஞ்சள் கயிறு, அம்மா கட்டிவிட்டது, அவிழ்க்க மனசு வராது. எனக்கும் வந்ததில்லை. ஆனால் புல்லிக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் அது சிக்கினால் அறுந்துபோகாது. இப்போது வருவதெல்லாம் நைலான். தோளுக்குப் பக்கத்தில் சட்டைக்குள்ளே கட்டிக்கொள், அல்லது ஷிப்ட் முடியும்வரை டிபன் பையில் வை. கார்த்திகை மாசம் மாலை போட்டுக்கொண்டு வெறுங்காலோடு, கழுத்தில் துளசி மணி தொங்க வருகிறவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்த்திருக்கிறேன். விரதத்தை யாரும் குறை சொல்லவில்லை. அந்த நாட்களில் மில்லிலும் காலண்டரிலும் நிற்க மாட்டேன், பேக்கிங்கிலோ ஸ்டோரிலோ போடுங்கள் என்று முதல் நாளே கேள். கொடுக்காத சூப்பர்வைசர் குறைவு. கேட்காத ஆபரேட்டர்தான் அதிகம்.

குடித்துவிட்டு வருகிறவனிடம் பேச ஒன்றுமில்லை. அவனை மெஷினில் நிற்கவிடாதே. அவன் உன் நண்பன் என்றால் கட்டாயம் விடாதே.

இதுவரை சொன்னது உன் கைக்கு. இனி சொல்லப்போவது நீ பார்த்தேயிராத ஒருவருடைய கைக்கு.

பெல்ட் என்றதும் தமிழ்நாட்டில் மதுரை கோச்சடை ஃபென்னரைத்தான் சொல்வார்கள். அந்தப் பெயருக்குரிய ஜோசப் ஹென்றி ஃபென்னர் 1861-இல் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் தோல் பெல்ட் செய்ய ஆரம்பித்தவர். அந்தக் காலத்து ஆலைகளில் கூரைக்கடியில் நீளமாக ஒரு ஷாஃப்ட் ஓடும். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தட்டையான தோல் பட்டை இறங்கும். நம்ம பக்கத்துப் பழைய அரிசி மில்களிலும் அப்படித்தான் இருந்தது. 1917-இல் அமெரிக்காவில் டென்வரில் ஜான் கேட்ஸ் ரப்பரில் வி வடிவ பெல்ட்டைக் கொண்டுவந்தார். தட்டைப் பட்டை புல்லியின் மேல் உட்காரும்; வி-பெல்ட் புல்லியின் பள்ளத்துக்குள் ஆப்பு மாதிரி இறங்கிக் கவ்வும். இழுக்க இழுக்கக் கவ்வும். அதனால் சின்ன இடத்தில் பெரிய சக்தி.

நீ செய்கிற பி செக்‌ஷன் பெல்ட்டின் மேல் அகலம் 17 மில்லிமீட்டர், உயரம் 11. விரல் பருமன். அதற்குள்ளே பாரத்தைத் தாங்குவது பாலியெஸ்டர் கயிறு. கயிறு ஒரே இழுப்பில் சுற்றப்படாவிட்டால், சில இழைகள் இறுகியும் சில தளர்ந்தும் இருந்தால், இறுகின இழை முதலில் அறும், அப்புறம் அடுத்தது. கியூரிங்கில் ஐந்து நிமிஷம் திருடினால் ரப்பர் பழுக்காது. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே கயிற்றோடு ஒட்டியிருக்காது. அதைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிரஸ்ஸில் நின்ற உனக்கு மட்டும்தான் தெரியும். டைமரை முன்னே தள்ளிவிட்டாயா இல்லையா என்பது உனக்கும் அந்த மோல்டுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

அந்த பெல்ட் எங்கே போகிறது? கொள்ளிடம் தாண்டினால் மண்ணச்சநல்லூர். பொன்னி அரிசி என்று ஊரெல்லாம் வாங்குகிற அரிசி அங்கே மில்களில் அரைபட்டு வருகிறது. ஒரு மோட்டாரில் நான்கு பெல்ட் சேர்ந்து ஓடும். அதில் ஒன்று நீளத்தில் கூடுதலாக இருந்தால் அது சும்மா சுற்றும், மற்ற மூன்றும் அதன் பாரத்தையும் சுமக்கும். சூடேறும். வழுக்கும். வழுக்கினால் மில்காரர் என்ன செய்வார்? அறுவடை நேரம், வெளியே லாரி நிற்கிறது. மோட்டாரை நிறுத்தாமல் பெல்ட்டின் கூண்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஓடுகிற பெல்ட்டில் மெழுகு தேய்க்கக் கையை நீட்டுவார். அறுந்தால் ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஏற்றுவார். பெல்ட்டில் கை போனவர்களில் பலர் பெல்ட் நன்றாக ஓடும்போது அதன் பக்கம் போனவர்கள் இல்லை. வழுக்கியதால் போனார்கள், அறுந்ததால் போனார்கள். நல்ல பெல்ட் மனிதனைத் தன் பக்கத்தில் வரவிடாது.

தெருமுனை மாவு மில்லை நினைத்துப் பார். முன்னால் வரிசையில் பெண்கள், தலைப்பு தொங்க, மிளகாய்த் தூள் டப்பாவோடு. குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பெல்ட்டுக்குக் கூண்டு இருக்கிறதா? பல மில்களில் இல்லை. புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் பின்னலும் மாட்டி உயிரே போனதைப் பேப்பரில் படித்திருப்பாய். கூண்டு போடாதது மில்காரர் குற்றம், சந்தேகமில்லை. ஆனால் அடிக்கடி அறுகிற பெல்ட்டுக்கு எத்தனை தடவைதான் கூண்டைக் கழற்றி மாட்டுவது என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு பதில் உன் பிரஸ்ஸில் இருக்கிறது.

ஆகவே நீளம் அளக்கும் மெஷினில் நிற்கிறவர் கண்ணால் மதிப்புப் போட்டு எண் குத்தக் கூடாது. செட்டுக்குச் செட்டாகச் சேரும் என்று நம்பித்தான் மண்ணச்சநல்லூர்க்காரர் நான்கையும் வாங்குகிறார். ஐ.எஸ். 2494 என்ற தர எண்ணை பெல்ட்டின் முதுகில் அச்சடிக்கிறோமே, அது ஒரு வாக்கு. பழுக்காத பெல்ட்டின் மேல் அதைக் குத்துவது பொய் சத்தியம். மாச டார்கெட் ரெண்டு நாள் தள்ளி முடியட்டும்.

கைக்கு அடுத்தது உடம்பு. கரியைப் பற்றி நாம் அலட்சியமாகவே பேசுகிறோம். “குளிச்சா போயிடும்” என்போம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1982-லேயே ரப்பர் தொழிலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வேலைகளின் வரிசையில் வைத்தது. இங்கிலாந்தில் ரப்பரில் கலந்த ஒரு ரசாயனத்தால் தொழிலாளர்களுக்கு மூத்திரப்பையில் புற்று வந்தது தெரிந்து, 1949-இல் அதை நிறுத்தினார்கள். நிறுத்தி இருபது வருஷம் கழித்தும் நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். இந்த நோய் வேலையை விட்ட பிறகு வீட்டுக்குத் தேடி வரும். எல்லாருக்கும் வரும் என்று பயமுறுத்தவில்லை. ரசாயன டப்பாவின் மூடியைப் போடு என்கிறேன். ரசாயனம் நிறுக்கும் இடத்திலும் கியூரிங் புகையிலும் முகக்கவசம் போடு; கைக்குட்டை கட்டினால் போதாது. சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்காதே. நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். வெள்ளைக்காரனுக்குச் சொன்னதைவிட நமக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். வேலை உடையை வீட்டுத் துணியோடு சேர்த்துப் போடாதே. ஓய்வு பெற்றவர்களுக்கு ஒன்று: மூத்திரத்தில் ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள், போனதும் ரப்பரில் இத்தனை வருஷம் வேலை பார்த்தேன் என்று சொல்லுங்கள். அவர் கேட்க மாட்டார். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சூப்பர்வைசர்களே, “ஏதாவது பண்ணுப்பா” என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கயிறு தொய்ந்திருந்தால் கயிற்றை மாற்றச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. உங்கள் கையெழுத்தில் எழுதிக் கொடுக்க முடியாத உத்தரவை வாயால் கொடுக்காதீர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளை முதல் நாளே மில்லில் நிறுத்தாதீர்கள். “நிறுத்து” என்பதற்கு அவன் மொழியில் என்ன சொல் என்று கேட்டு, அந்த ஷிப்டில் இருக்கிற எல்லாரும் அதைப் படித்துக்கொள்ளுங்கள். ஆபத்தில் அவன் தமிழில் கத்த மாட்டான்.

முதலாளி அய்யா, நீங்கள் மோசமானவர் என்று நான் நினைக்கவில்லை. ஆயுத பூஜைக்கு மில் ரோலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எங்களோடு நின்று கும்பிடுகிறவர் நீங்கள். அந்த மெஷினின் ஓடும் பாகங்களுக்கு மூடி போட வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொன்னது. ஓடும் மெஷினில் பெல்ட் மாட்டுவது போன்ற வேலையைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும், அவருக்கு இறுக்கமான உடையை நிர்வாகம் கொடுக்க வேண்டும் என்று அடுத்த பிரிவு சொன்னது. சட்டத்தின் பெயரும் எண்ணும் மாறலாம். கை அதே கைதான். கான்ட்ராக்டில் வந்தவனுக்கும் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே இ.எஸ்.ஐ. பதிவாக வேண்டும். வேலையில் காயம்பட்டால் சந்தா எத்தனை மாசம் கட்டினான் என்று இ.எஸ்.ஐ. பார்ப்பதில்லை, முதல் நாளில் அடிபட்டாலும் அவனுக்குக் காப்பீடு உண்டு. படுத்திருக்கும் காலத்துக்குக் கூலியில் நூற்றுக்குத் தொண்ணூறு கிடைக்கும், நிரந்தரமாக ஊனமானால் ஆயுளுக்கும் கிடைக்கும். விபத்து நடந்த பிறகு ஓடிப்போய்ப் பெயர் சேர்ப்பது, தனியார் ஆஸ்பத்திரியில் சத்தமில்லாமல் தையல் போட்டு, கையில் கொஞ்சம் பணம் திணித்து ஊருக்கு அனுப்புவது — இவை பாவம். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

பேசினால் வேலை போய்விடுமே என்று நீ கேட்பது எனக்குக் கேட்கிறது, தம்பி. இந்த ஊரில் பொன்மலை இருக்கிறது. 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி அங்கே ரயில்வே தொழிலாளர் ஐந்து பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அவர்கள் சங்கமாக நின்று பேசியதற்கு விலை உயிர். உன்னிடம் நான் கேட்பது ஒரு கம்பியை அவிழ்ப்பது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்: ஆபத்தான தொழிலில் உயிருக்கு உடனடி அபாயம் என்று தோன்றினால் தொழிலாளி எச்சரிக்கலாம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் ஷிப்டில் இருக்கிற நான்கு பேராகப் போங்கள். வாயால் சொல்லக் கூசினால் லாக்புக்கில் தேதி போட்டு எழுதுங்கள்: கயிறு வேலை செய்யவில்லை, மில் ஓட்டவில்லை. எழுதினதை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் இன்னும் இருக்கிறார், உறையூர் பக்கம். நான் போய் உண்மையைச் சொன்னபோது அவருக்கு வயசு அறுபதைத் தாண்டியிருந்தது. “தெரியும்டா, ஸ்டூலை நான்தானே பிடிச்சேன்” என்றார். எனக்கு அது மறந்தே போயிருந்தது. நான் ஏறியது ஞாபகம் இருந்தது, கீழே யார் பிடித்தார்கள் என்பது இல்லை. இரண்டு பேர் சேர்ந்து கட்டினோம், ஒருவர் கை போனது.

உன் மில்லில் அந்தக் கம்பி இருக்கிறதா என்று தலையைத் தூக்கிப் பார். இருந்தால் ஷிப்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் அறுத்துவிடு. ஸ்டூலைப் பிடிக்க இன்னொருவரையும் கூப்பிடு.